சேர்வராயன் மலையைச் சுற்றி ஒரு சைக்கிள் பயணம்

நேயர்களுக்கு வணக்கம். நல்ல காரியம் ஒன்றுக்கு நிதி திரட்டத் தனியாளாகச் சைக்கிளில் கிளம்பும் சேலத்துக்காரர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஏற்காடு. அது அருமையான ஏற்றம்தான், ஆனால் காலையில் ஏறி மதியம் இறங்கிவிடலாம். நெடும்பயணம் வேண்டுமென்றால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையையே சுற்றி வாருங்கள். சேலத்தில் தொடங்கித் தாரமங்கலம், மேட்டூர், தொப்பூர், தர்மபுரி, அரூர், மஞ்சவாடிக் கணவாய், அயோத்தியாப்பட்டணம் வழியாகத் திரும்பினால் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதற்கு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பது முக்கியம். கோயிலை வலம் வருவதுபோல மலை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கட்டும். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில்தான் சுமை லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுகின்றன. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவருவதும் அதற்கு ஒரு காரணம். அந்த இறக்கத்தில் சைக்கிளோடு இருக்கவே கூடாது. வலமாகச் சுற்றினால் தொப்பூரில் நீங்கள் ஏறுவீர்கள். அந்தப் பக்கம் லாரிகளும் திணறியபடி மெதுவாகத்தான் ஏறும்.

முதல் நாள் பாதி நேரம் தாரமங்கலத்துக்கே போகட்டும். கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் வாலி, சுக்ரீவன் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். இராமன் மறைந்து நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டான். சிற்பி கோணத்தை அப்படிக் கணக்கிட்டு வைத்திருக்கிறார். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் விடியுமுன் கிளம்ப வேண்டும். பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ வேண்டாம், இந்தப் பயணத்தில் நடையும் நிறைய உண்டு.

மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அது பெரும்பாலும் கோடையில். சைக்கிள் மிதிக்க ஏற்றது தையும் மாசியும். நந்தியைப் பார்ப்பதும் இதமான பயணமும் சேர்ந்து கிடைக்காது, நீங்கள் தையையே தேர்ந்தெடுங்கள்.

தர்மபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அங்குள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்க்காமல் வராதீர்கள். ஆநிரை மீட்கும் போரில் விழுந்த வீரர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கைமாறிய பாராமகால் சீமையும் இதுதான். நீங்கள் ஏறி இறங்கும் இரண்டு கணவாய்களும் அந்தச் சீமைக்குள் போகும் வாசல்கள்.

இனி வண்டி. சுமை எட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது. சுமை வண்டியில் முதலில் அறுவது பின்சக்கரத்தின் வலப்பக்க ஸ்போக்ஸ் கம்பி. பல்சக்கரத்துக்கு இடம்விட்டுக் கோத்திருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகளில் இழுவிசை அதிகம். அதே நீளத்தில் மூன்று கம்பிகளைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். டயரின் அகலம் 32 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. முன்பல்லும் பின்பல்லும் சம எண்ணிக்கையில் வரும் ஒரு கியராவது இருந்தால் முட்டி தப்பும். கிராமத்துச் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவார்கள், ஆனால் மெல்லிய வால்வு கொண்ட, 700சி என்ற சக்கர அளவுக்கான டியூப் கிடைப்பது அரிது. இரண்டு டியூப், கைப்பம்பு, வால்வு மாற்றி மூன்றும் பையில் இருக்கட்டும். வேலமுள் குத்தினால் டயரின் உட்பக்கத்தை விரலால் தடவி முள்ளை எடுத்த பிறகே புது டியூபைப் போடுங்கள். எடுக்காமல் விட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி காற்று இறங்கும்.

உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். அரைப் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் வயிறு கலங்கும்.

பணத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவு நன்கொடை என்று வாக்கு வாங்காதீர்கள். முட்டி வலித்தாலும், இருட்டினாலும், இன்னும் பத்துக் கிலோமீட்டர் போனால் இன்னும் பணம் என்று அது உங்களை நெடுஞ்சாலையில் பிடித்துத் தள்ளும். மொத்தத் தொகையாகக் கேளுங்கள், கிளம்புமுன்பே கேளுங்கள். உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. நீங்கள் நிதி திரட்டும் அறக்கட்டளையின் கியூஆர் குறியீட்டை அச்சிட்டுச் சைக்கிளில் மாட்டுங்கள். வழியில் ரொக்கம் நீட்டுபவருக்கு அறக்கட்டளையின் ரசீதையே கிழித்துக் கொடுங்கள். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) கேட்பவரிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை என்பதையும், புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அது பொருந்தாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாப்பாடு, தங்கல் எல்லாம் உங்கள் செலவு, திரட்டிய நிதியில் கை வைக்கக் கூடாது.

தனியே போகிறவர் இரத்த வகையையும் வீட்டு எண்ணையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். அரூரை விட்டுக் கிளம்பும்போது ஒரு செய்தி, மஞ்சவாடி தாண்டியதும் ஒரு செய்தி, அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு செய்தி என்று வீட்டாரோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழிந்தும் செய்தி வரவில்லையென்றால் யாரைக் கூப்பிடுவது என்பது அவர்களிடமும் எழுதி இருக்கட்டும். வணக்கம்.