முந்திரிகை கேட்ட அம்மையார்

அவையோருக்கு வணக்கம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி இந்த அட்டன் பக்கம் வந்திருந்த எங்கள் ஆசிரியரின் துணைவியார், பொங்கலுக்கு முதல் நாள் என்னை அழைத்து, "தம்பி, முந்திரிகை வத்தல் கொஞ்சம் வேண்டிக்கொண்டு வாரும்" என்று காசு கொடுத்து அனுப்பினார். நானோ தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முந்திரி என்றால் கஜுதான். வத்தல் என்ற சொல்லைக் காதில் வாங்காமல், கொடுத்த காசு முழுவதற்கும் கடதாசிச் சுருளில் பதினைந்து கஜுவைக் கொண்டுபோய் நீட்டினேன். அம்மையார் சுருளைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பிழை என்னுடையது மட்டுமன்று. முந்திரிகை என்பது முதலில் கொடியில் காய்க்கும் திராட்சைக் கனியின் பெயர். வடமொழி 'மிருத்வீகா'வோடு அதைத் தொடர்புபடுத்துவர். பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட கஜு மரம் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரோடு வந்தபோது, அதற்கும் இப்பெயரே ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்தார் வந்த மரத்தை 'மரமுந்திரிகை' என்று பிரித்துவைத்துப் பழைய பெயரைக் கொடிக்கே விட்டனர். தமிழகத்திலோ வந்த மரம் பெயரை எடுத்துக்கொள்ள, இருந்த கொடி 'கொடிமுந்திரி' என்று அடைமொழி சுமந்தது. வழக்கில் திராட்சை என்ற பெயரே நிலைத்தது. கோப்பிக்கும் தேயிலைக்குமாக அங்கிருந்து வந்த நம் முன்னோர் நாவில் இருந்ததும் அந்தத் திராட்சையே. மலையாளத்திலும் முந்திரி இன்றும் திராட்சைதான். வெயிலில் பந்தலிட்டு வளர்க்கும் கொடியை முற்றத்திலேயே கண்ட யாழ்ப்பாணத்தார் அதன் பெயரை இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை என்று எண்ணுகிறேன். மழையும் பனிமூட்டமும் மிகுந்த நம் மலைக்கு அது பெட்டியில் வந்திறங்கும் பழமாகவே இருந்தது.

நம் கடைத்தெருவில் சிங்களவர் இதனை 'மிதி' என்பர். மிதித்துச் சாறெடுப்பதால் மிதி என்று நண்பரொருவர் விளக்கம் சொன்னார். வேடிக்கையாக ஏற்கலாம், அவ்வளவே. அது பாளியின் 'முத்திகா'. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயம் பிக்குகளுக்கு அனுமதித்த 8 பானங்களுள் முத்திகாச் சாறும் ஒன்று. முத்திகாவும் மிருத்வீகாவின் பாளி வடிவமே. ஆக, அம்மையாரின் முந்திரிகையும் சிங்களக் கடைக்காரரின் மிதியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நம் திராட்சைதான் வேற்று வீட்டுப் பிள்ளை. ஆயினும் கவிதை பேசுவோர் அதனைக் கைவிடவில்லை. தோலுரித்துண்ணும் கதலிபாகம், உடைத்துத் துருவும் நாளிகேரபாகம் ஆகியவற்றுக்கு எதிரே, நாவிலிட்டதும் கரையும் பாடலைத் திராட்சாபாகம் என்றனர்.

அன்று அம்மையார் மீண்டும் காசு தந்தார். கடையில் முந்திரிகை வத்தல் என்றேன், விளங்கவில்லை; காய்ந்த திராட்சை என்றேன், கடைக்காரர் சற்று யோசித்தார். "ஓ, பிளம்ஸா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து அள்ளிப் போட்டார்.