தண்ணீர் மில்லில் ஒரு விடுமுறை: கல் இருக்கிறதா என்று கேளுங்கள்

(காட்சி: வெள்ளவத்தையில் ஒரு மில். தகரப் புனலில் செத்தல் மிளகாய் விழுகிறது.)

வணக்கம். காலி வீதிப் பக்கத்து மில்லில் மிளகாயும் மல்லியும் திரிக்கக் கொடுத்துவிட்டுத் தும்மிக்கொண்டு நின்றிருப்பீர்கள். தூள் பையை வாங்கும்போது கை சுடும். அங்கே மோட்டார் செய்யும் வேலையை ஒரு காலத்தில் ஆறு செய்தது. அப்படி ஆறு ஓட்டிய பழைய மில்களைத் திருத்தி, இங்கிலாந்துக் கிராமங்களில் விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். லண்டனில் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிற கொழும்புக் குடும்பங்கள் இரண்டு இரவாவது அங்கே தங்க வேண்டும் என்பது என் ஆசை.

(காட்சி: சக்கரத்தின் வரைபடம்.)

ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். மதகைத் தூக்கினால் சக்கரம் சுழலும். சில இடங்களில் தண்ணீர் சக்கரத்தின் அடியைத் தள்ளிக்கொண்டு ஓடும். சில இடங்களில் மேலிருந்து தொட்டிகளில் விழும். அப்போது தண்ணீரின் பாரமே சக்கரத்தைக் கீழே இழுக்கும். ஜோன் சிமீட்டன் என்ற பொறியியலாளர் சிறிய மாதிரிகள் செய்து அளந்து பார்த்தார். மேலிருந்து விழும் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை தரும் என்று 1759இல் காட்டினார்.

சக்கரம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்று வந்தாலே பெரிது. உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் அந்த மெதுவான ஓட்டத்தைக் கூட்டிக்கூட்டி, கல்லை நூறு சுற்றுக்கு மேல் ஓடவைக்கும்.

(காட்சி: கட்டடத்தின் குறுக்குவெட்டு.)

இனி வீட்டைப் பாருங்கள். மூட்டையை உச்சித் தளத்துக்குத் தூக்குவதும் தண்ணீர்தான். மேல்தளங்களின் தரையில் இரட்டைக் கதவு இருக்கும். மூட்டை தலையால் முட்டித் திறந்துகொண்டு மேலே போனதும், கதவு தானாக விழுந்து மூடும். தானியம் அங்கிருந்து நடுத்தளத்துக் கல்லுக்கு இறங்கும், மாவு கீழ்த்தளத்துக்கு இறங்கும். இன்று நீங்கள் படுக்கும் சரிவுக் கூரை அறை, அன்று தானியம் குவித்த இடமாக இருக்கலாம்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும். நம் திருகை மாதிரியேதான். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இடையில் தானியம் மட்டும்தான். தானியம் தீர்ந்து கல்லும் கல்லும் உரசினால் தீப்பொறி பறக்கும், மாவுத் தூசி பற்றிக்கொள்ளும். அதனால் தானியம் குறைந்ததும் அடிக்க ஒரு மணி கட்டியிருப்பார்கள். தேய்ந்த கல்லை, அம்மி பொளிவதுபோல, உளியால் கொத்தி வரி எடுக்க வேண்டும். அந்த வேலை செய்தவர்களின் புறங்கையில் இரும்புத் துகள் ஏறிக் கறுத்துக் கிடக்கும்.

(காட்சி: வின்செஸ்டர் நகர மில், இட்சன் ஆறு.)

நீராவி எஞ்சினும், கல்லுக்குப் பதிலாக மாவரைக்கும் உருக்கு உருளைகளும் வந்தபின், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மில்கள் ஒவ்வொன்றாக நின்றன. தென் இங்கிலாந்தில் இருக்கும் வின்செஸ்டர் நகர மில் 1743இல் திரும்பக் கட்டப்பட்டது. அரைப்பு நின்றபின் சலவைச்சாலையாகவும் இருந்தது. 1931 முதல் 2005 வரை இளைஞர் விடுதியாக இருந்து பயணிகளுக்குப் படுக்கை கொடுத்தது. இப்போது அங்கே தங்க முடியாது. ஆனால் பல வருடத் திருத்த வேலைக்குப் பிறகு 2004இல் அது மறுபடி மாவரைக்கத் தொடங்கியது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளையின் (National Trust) பொறுப்பில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

தங்குவதற்கு இடம் தேடும்போது, படத்தில் சக்கரம் அழகாகத் தெரிகிறது என்பதற்காக உடனே காசு கட்டாதீர்கள். சில இடங்களில் பற்சக்கரத்தையும் கல்லையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சோபா போட்டிருக்கிறார்கள். எனக்கு அது மனவருத்தம்தான். சக்கரம் சுழலுமா, கல் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால், வாய்க்காலுக்கு வேலி இருக்கிறதா என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

போனபின், மதகு தூக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு கல் இருக்கும் தளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். முதலில் உள்ளங்காலில் பலகை அதிரும். சத்தம் பிறகுதான் வரும்.