பழைய போனை நன்கொடையாக வாங்கும் தளம் என்னென்ன கேட்க வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். ஓசூரிலிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்களில், பீரோவுக்குள் பழைய போன் ஒன்றாவது சும்மா கிடக்கும். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் படிக்கிற பிள்ளைக்கு அது உதவும். இலவசமாகக் கொடுப்பவரையும் தேவைப்படும் பிள்ளையையும் சேர்த்துவைக்க ஒரு இணையதளம் போடலாமே என்று கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். முகப்புப் படத்துக்கும் நிறத்துக்கும் செலவிடுகிற நேரத்தைப் படிவத்துக்குச் செலவிடுங்கள். கேட்க வேண்டியதைப் படிவம் கேட்காவிட்டால், காயலான் கடைக்குப் போக வேண்டிய சாமான்தான் மூட்டை மூட்டையாக வந்து சேரும்.

முதலில் பூட்டு. "எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்" என்று சொல்லித்தான் போனைக் கொடுப்பார்கள். பவர் பொத்தானையும் வால்யூம் பொத்தானையும் சேர்த்து அழுத்தி அழித்திருப்பார்கள். அப்படி அழித்த போனைத் திறந்தால் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். திருடர்களுக்காக ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து வைத்திருக்கும் தடுப்பு இது. பிள்ளையின் கையில் அந்தப் போன் எதற்கும் உதவாது. அதனால் படிவமே வரிசையாகச் சொல்லித்தர வேண்டும். படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் சேமியுங்கள். செட்டிங்ஸுக்குள் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதற்குப் பிறகு, அதே செட்டிங்ஸ் வழியாக ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். ஐபோனாக இருந்தால் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே அழிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனி டிக் வையுங்கள். கடைசியில் ஒரே ஒரு 'ஒப்புக்கொள்கிறேன்' வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

அடுத்தது ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண். நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் 15 இலக்க எண் திரையில் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்தப் போனின் நிலவரம் பதிலாக வரும். முடக்கப்பட்டது என்று வந்தால் வாங்காதீர்கள். இந்த எண்ணை தளத்தில் வெளியே காட்டவும் கூடாது.

பிறகு, போன் இன்னும் ஓடுமா என்ற கேள்வி. 4ஜி இல்லாத போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழே இருந்தால் குரோம் உலாவிக்குப் புதுப்பிப்பு வருவதில்லை. பின்மூடி உப்பியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், பக்கவாட்டில் எடுத்த படமும் வாங்குங்கள். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். 'ஆம்' என்று பதில் வந்தால் படிவம் அங்கேயே நின்று, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். கூரியரில் போடச் சொல்லவே கூடாது.

மடிக்கணினியில் வேறு தொல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். அதற்கு முந்தைய கணினியை ஒதுக்கத் தேவையில்லை. 4 ஜிபி ராம் இருந்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான ஓர் எஸ்எஸ்டி போட்டால், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில் பாடம் படிக்கவும் தமிழில் தட்டச்சு செய்யவும் தாராளமாகப் போதும். கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய கணினியில்தான் உஷார் வேண்டும். நிறுவன நிர்வாகத்தில் பதிவான கணினி, விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் இணையத்தில் சேர்ந்ததும் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல்லையே கேட்கலாம். கணினி தொடங்கும்போதே கேட்கும் பயாஸ் கடவுச்சொல்லும் இருக்கலாம். நிறுவனம் தன் பதிவிலிருந்து நீக்கியதாகக் கடிதம் தந்தால் மட்டுமே வாங்குங்கள்.

இனி சாதனத்தைப் பெறும் மாணவர் பக்கம். மாணவரே நேராகப் பதிவு செய்வதைவிட, பள்ளியின் வழியாகக் கேட்க வைப்பதே நல்லது. ஊத்தங்கரை என்று ஒருவர் எழுதுவார், உத்தங்கரை என்று இன்னொருவர் எழுதுவார், ஒரே பள்ளி பட்டியலில் இரண்டாகிவிடும். ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் 11 இலக்க யூடைஸ் எண்ணைக் கேட்டால் இந்தக் குழப்பம் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33-இல் தொடங்கும். பிள்ளையின் பெயர், சாதி, வருமானம் எதுவும் தளத்தில் ஏறத் தேவையில்லை. வகுப்பு, எந்த வேலைக்குச் சாதனம், வீட்டில் சிக்னல் உண்டா, இவை போதும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர் விவரத்தைச் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். போன் வாங்கும் பிள்ளையை நிற்கவைத்துப் படமெடுத்துப் போடுவது சட்டத்துக்கும் முன்னால் மரியாதைக்கே கேடு.

தளி, அஞ்செட்டிப் பக்கம் ஆசிரியர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விடும். நிரப்பியது போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் போய்ச்சேர வேண்டும். படங்களை அனுப்பும் முன்பே உலாவிக்குள் சுருக்கிவிடுங்கள், 200 கேபி தாராளம். ஓடிபி வேண்டும் என்பவர்கள், எஸ்எம்எஸ் அனுப்பத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவும் செய்தி வார்ப்புருவுக்கு ஒப்புதலும் முதலில் வாங்க வேண்டும் என்பதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் தவிக்கிறார்கள். ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. கொடுப்பவருக்கான பக்கமாவது அந்த மொழிகளிலும் இருக்கட்டும்.

சாதனம் கைக்கு வந்ததும் ஒரு வரிசை எண் எழுதி அதன் முதுகில் ஒட்டுங்கள். வந்தது, சோதித்தது, பழுதுபார்ப்பில், ஒதுக்கியது, ஒப்படைத்தது, கழிவுக்குப் போனது என்ற ஆறு நிலைகள் போதும். கொடுத்தவர் அந்த எண்ணைத் தட்டினால் நிலை தெரிய வேண்டும், யாருக்குப் போனது என்பது தெரியக் கூடாது. கழிவுக்குப் போனதையும் மறைக்காமல் காட்டுங்கள். திரை மாற்றும் செலவு அந்தப் போனின் விலையைத் தாண்டினால் கழிவில் சேர்ப்பதுதான் கணக்கு.

நிரல் எழுதுவதற்கு முன்னால், ஓர் ஒன்றியத்தில் மட்டும் இதே கேள்விகளைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துப் பாருங்கள். பாலக்கோடோ பர்கூரோ, எதுவானாலும் சரி. எந்தக் கேள்வியைக் காலியாக விட்டுத் திருப்பித் தருகிறார்களோ, அந்தக் கேள்வியின் வாசகத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். வணக்கம்.