உலை அரிசியில் ஒரு பிடி
(லெந்து என்னும் தவக்காலச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கனம் சேகர குருவானவர் ஐயா அவர்களே, வரவேற்புரை தந்த சபை ஊழியர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, பல வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, மதியமே வந்து பாய் விரித்து மைக் கட்டிய கோயில்பிள்ளை அண்ணன் அவர்களே, சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இன்றைக்கு மூன்று காரியம் பேச வந்திருக்கிறேன்: உபவாசம், அதிகாலை ஜெபம், நாவடக்கம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். எபிரெயர் 12:11 என்ன சொல்கிறது? சிட்சை, அதாவது நம்மைத் திருத்தும் கண்டிப்பு, தற்காலத்தில் துக்கமாய்க் காணும், பிற்காலத்தில் "அதில் பழகினவர்களுக்கு" சமாதான பலனைத் தரும். பழகினவர்களுக்கு! அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்தே வனாந்தரத்தில் குள்ள யோவான் என்று ஒரு துறவி இருந்தார். அவரைப் பற்றிப் பழைய துறவிகள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை இது. அவருடைய குரு ஒரு காய்ந்த குச்சியை எடுத்து மணலில் நட்டார். "இது காய்க்கிறவரைக்கும் தினம் ஒரு குடுவைத் தண்ணீர் ஊற்று" என்றார். தண்ணீர் பக்கத்திலா இருந்தது? சாயங்காலம் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் திரும்ப முடியும். இருட்டு, குளிர், மணல். சுமந்து வந்த தண்ணீரைக் குச்சியின் அடியில் ஊற்றியதும் மணல் குடித்துவிடும். சாயங்காலம் மறுபடியும் நடை. ஒரு வருஷம் ஆயிற்று, துளிர் இல்லை. இரண்டு வருஷம் ஆயிற்று, துளிர் இல்லை. "எதற்கு?" என்று யோவான் கேட்டதாகக் கதையில் இல்லை, ஐயாமாரே. மூன்றாம் வருஷம் குச்சி உயிர்பிடித்துக் காய்த்தது. குரு அந்தப் பழத்தைப் பறித்துச் சபைக்குக் கொண்டுபோய், "கீழ்ப்படிதலின் கனி இது, எடுத்துச் சாப்பிடுங்கள்" என்றார். குச்சி காய்த்தது பெரிதா, ஆயிரம் இரவுக்குமேல் நடந்த அந்தக் கால்கள் பெரிதா? எனக்குக் கால்கள்தான் பெரிதாய்த் தெரிகின்றன. சித்திரமும் கைப்பழக்கம்.

இனி உபவாசம். லெந்து காலம், சாம்பல் புதன் முதல் உயிர்ப்பின் ஞாயிறுக்கு முந்தின நாள்வரை 46 நாள். ஞாயிறுகளைக் கழித்தால் 40. முதல் வாரமே மூன்று வேளையும் விட்டுவிட்டு, இரண்டாம் வாரம் படுத்துவிடுகிறவர்கள் அதிகம். வெள்ளிக்கிழமை காலை ஒரு வேளையில் தொடங்குங்கள். காப்பி குடிக்கிறவர்கள் மூன்று நாள் முன்பே குறைத்து வாருங்கள். திடீரென்று நிறுத்தினால் தலைவலிக்கும், ஜெபம் ஓடாது. தண்ணீர் குடியுங்கள். கஞ்சியோ மோர்ச்சோறோ வைத்து முடியுங்கள். பசித்த வயிற்றில் பிரியாணி ஆகாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும், வயிற்றுப்புண் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பாட்டை விட வேண்டாம், செல்போனை விடுங்கள். விட்ட வேளையில் முழங்காலில் நிற்காவிட்டால் அது வெறும் பட்டினி. வீட்டாரிடம் எரிந்து விழுந்தால் அதுவும் வீண்.

அதிகாலை ஜெபத்துக்கு ஒன்றே சொல்கிறேன்: முந்தின இரவு அரை மணி முன்னே படுங்கள்.

விட்ட சாப்பாடு எங்கே போகிறது? ஏசாயா 58 கேட்கிற கேள்வி இது. பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்கிறது. நம் பாட்டிமார் பிடி அரிசிப் பானையில் அதற்குப் பதில் வைத்திருந்தார்கள். மிசோரமில் 1910 முதல் சபைப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்து ஊழியத்தைத் தாங்கிவருகிறார்கள். நம் வீடுகளில் அந்தப் பானை எங்கே?

ஒரு பிடி 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு உலை, 46 நாள்: 3 கிலோ 680 கிராம். நூறு வீட்டுக்கு 368 கிலோ. ஒன்று முக்கியம், அம்மாமாரே. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து பிடியை எடுங்கள், மூட்டையிலிருந்து எடுக்காதீர்கள். அளந்ததில் எடுத்தால்தான் அன்றைய சோறு ஒரு பிடி குறையும், வீடு அதை உணரும். "ஞாயிற்றுக்கிழமை கவரில் நூறு ரூபாய் போட்டுவிடுகிறேன்" என்பவர்கள் தாராளமாகப் போடுங்கள். ஆனால் வாரத்துக்குப் பதினான்கு தடவை கை பானைக்குப் போகிற பழக்கம் அதில் வராது. சித்திரமும் கைப்பழக்கம் அல்லவா?

ஈரக்கையோடு எடுத்தால் அரிசி கட்டிப்பிடிக்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். வண்டு விழாமல் நாலு காய்ந்த மிளகாய் போடுங்கள். பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் கலக்காதீர்கள். வேகும் நேரம் வேறு, கலந்தால் வாங்குகிறவர்கள் பொங்க முடியாது.

நாவடக்கத்துக்கு நேரமில்லை, மன்னியுங்கள். குருவானவர் ஐயாவின் அனுமதியோடு மூடிபோட்ட மண்பானைகளைக் கோயிலின் மேற்கு வாசலில் அடுக்கியிருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். வரும் ஞாயிறு முதல் ஆராதனை முடிந்ததும் அதே வாசலில் இரண்டு சாக்கு விரித்திருக்கும்: இடது பக்கம் பச்சரிசி, வலது பக்கம் புழுங்கல்.