இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது எழுப்பலாம்?

வணக்கம். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பெரியவர்களை எப்போது நடக்க விடலாம்? பிசியோதெரபிஸ்டான என்னிடம் குடும்பத்தார் முதலில் கேட்பது இதைத்தான். மருத்துவர் ஏதாவது காரணம் சொல்லித் தடுக்காதவரை, மறுநாளே எழுப்ப வேண்டும்.

"பாவம், வயசானவங்க, எலும்பு கூடட்டுமே" என்பீர்கள். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் ஆபரேஷன் செய்வதே சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்கத்தான். உள்ளே வைக்கும் கம்பியோ, மாற்றி வைக்கும் பந்து மூட்டோ, பெரும்பாலும் உடல் எடையைத் தாங்கும்படிதான் பொருத்தப்படுகிறது. எவ்வளவு ஊன்றலாம் என்பதை மட்டும் சர்ஜனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படுத்தே கிடந்தால் தொடைத் தசை மளமளவென்று கரையும், நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும்.

வலியைப் பொறுத்துக்கொண்டு நடக்கச் சொல்லாதீர்கள். மருத்துவர் எழுதிய வலி மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து எழுப்புங்கள்.

சரி, வாக்கர். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு உயரத்தில் பிடி இருக்க வேண்டும். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் ஆன கால், பிறகு நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முன்னால்.

நான் ரொம்பவும் வற்புறுத்துவது நாற்காலிப் பயிற்சியை. இதோ பாருங்கள்: கைப்பிடி உள்ள, உயரமான நாற்காலி. விளிம்புக்கு நகர்ந்து வந்து, கைப்பிடியை அழுத்தி எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழக் கூடாது. ஒரே மூச்சில் நிறைய வேண்டாம், சில முறை போதும். அப்புறம் சில மணி நேரம் கழித்து மறுபடியும். கழிப்பறைக்குத் தனியாகப் போய்வரும் பலம் இதில்தான் வருகிறது. மூட்டு மாற்றியிருந்தால், இடுப்பை எவ்வளவு மடக்கலாம், கால் மேல் கால் போடலாமா என்பதை முதலிலேயே கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே விதி இல்லை.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை விழுந்தவருக்கு எலும்பு கூடிய பிறகும் கால் எடுத்து வைக்க மனம் வராது. "பார்த்து, பார்த்து" என்று கத்தாதீர்கள். ஆபரேஷன் ஆன பக்கம் சற்றுப் பின்னால் நின்று, அவர் வேகத்துக்கு விடுங்கள். பெரும்பாலான முன்னேற்றம் முதல் 6 மாதத்தில் தெரியும், அதற்குப் பிறகும் தொடரலாம். எல்லாருக்கும் பழைய நடை முழுதாகத் திரும்புவதில்லை. கைத்தடியோடு நடந்தாலும் அது பெரிய வெற்றிதான்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்குள், எலும்பு தேய்மானத்துக்கு மருந்து தேவையா என்றும் கேட்டுவிடுங்கள். நிறைய குடும்பங்களில் இது விட்டுப்போகிறது, அடுத்த முறிவு அங்கிருந்துதான் வருகிறது.