சந்திக்கு ஒரு கல்

எல்லாருக்கும் வணக்கம். நம் மலையகத்தில் ஒவ்வொரு தோட்டச் சந்தியிலும் ஒரு நினைவுக்கல் வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன். கொழும்பிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் கடுகண்ணாவையில் அந்தக் கோபுரத்தைப் பார்க்காமல் வரமுடியாது. கண்டிப் பாதையை அமைத்த கப்டன் டோசன் நினைவாக 1832இல் எழுப்பியது. ஹேவாஹெட்ட பக்கம் போனால் லூல்கந்துர தோட்டம், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம், அவர் உட்கார்ந்த கல்லைக்கூடக் காட்டுவார்கள். இருக்கட்டும், அதெல்லாம் இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஹேவாஹெட்ட பக்கமே முல்லோயா தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் அங்கே வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். டெய்லரின் கல்லைப் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி அனுப்புங்கள்.

நம் ஆட்களுக்குக் கல் நடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ரோதைமுனி என்ற சாமி இருக்கிறார், மேல்மலையில் கவ்வாத்துசாமி இருக்கிறார். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற வேலை. கவ்வாத்துசாமி என்றால் மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், மஞ்சள் பூசி, பக்கத்தில் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி இரண்டு, பிடி உளுத்து உதிர்ந்துவிட்டது, இரும்பு மட்டும் மிச்சம். அந்தக் கத்தி யாருடையது என்று கேட்டேன். எண்பது வயது அப்பாயி ஒருவர், தன் மாமனாருடையது என்றும், அவர்தான் அந்த மலையில் முதல் கவ்வாத்து வெட்டியவர்களில் ஒருவர் என்றும் சொன்னார். எழுத்து இல்லாத கல், அப்பாயி இருக்கிறவரைக்கும்தான் அது பேசும்.

அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு தோட்டச் சந்தியிலும் எழுத்தோடு ஒரு கல் வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. மலையிலேயே கல் கிடைக்கிறது, கொத்துகிறவருக்குக் கூலி கொடுத்தால் போதும். கஷ்டம் எல்லாம் என்ன எழுதுவது என்பதில்தான். தோட்டத்துப் பெயர்ப்பலகையில் இங்கிலீஷ் பெயர் இருக்கும், நாம் சொல்லும் பெயர் இருக்காது. கீழ்க்கணக்கு, பீலிக்கரை, பழைய பெரட்டுக்களம், இந்தப் பெயர்களைத்தான் முதலில் எழுத வேண்டும். அப்புறம் நாம் குடியிருக்கும் லயம் கட்டிய வருஷம், பள்ளிக்கூடம் தொடங்கிய வருஷம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து இந்தியாவுக்குப் போன குடும்பங்களின் பெயர்கள். போனவர்கள் வீட்டு வாசலில் நட்ட பலாமரம் இன்னும் காய்க்கிறது, பெயர் மட்டும் ஏன் போக வேண்டும்? தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் இருக்கட்டும், பக்கத்து ஊர்க்காரரும் வாசிக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம். கேள்விப்பட்டதையெல்லாம் கல்லில் வெட்டிவிடக் கூடாது. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பற்றுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், கோயில் கணக்குக் கொப்பி, இதையெல்லாம் எடுத்துப் பாருங்கள். வருஷம் சரியாகத் தெரியவில்லையா, வருஷத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

நாங்கள் பீலிக்கரைக்கு மேலே வளைவில் இடம் பார்த்துவிட்டோம். இதுவரை இருபத்தேழு குடும்பங்களின் பெயர் சேர்ந்திருக்கிறது. தைப்பொங்கலுக்குள் கல்லை வைத்துவிட வேண்டும், அதற்குள் அப்பாயியின் மாமனார் பெயரைச் சரியாக எப்படி எழுதுவது என்று அவர் வீட்டுப் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.