மணவாளக்குறிச்சி மணலும் பேட்டரியின் நடுப்படலமும்

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கலந்திருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டுக் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நானோ பொருட்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நானோமீட்டர் என்றால் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு; அந்தக் கணக்கில் அளக்கும் பொடிகளும் படலங்களும்தான் நானோ பொருட்கள். நான் மணலில் இருந்து வருகிறேன். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் என்ற கனிமம் இருந்தது. சீக்கிரமே நம் குமரிக் கடற்கரை மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. அன்றைக்கு ஐரோப்பாவுக்கு வேண்டியிருந்தது மோனசைட்டில் இருக்கும் தோரியம். எதற்கு? காஸ் விளக்கின் மேன்டிலுக்கு. கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸில் வெள்ளையாக ஒரு வலை தொங்குமே, அதுதான். அந்த வலையில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த 1 பங்கு இல்லையென்றால் விளக்கு மங்கல்தான். இந்த ஒரு பங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான்.

நம் கரையில் வேறென்ன கிடக்கிறது? கறுப்பாக மின்னுவது இல்மனைட். அதில் பாதிக்குச் சற்று மேல் டைட்டானியம் ஆக்சைடு. சிர்க்கானில் சிர்கோனியம். மோனசைட்டில் தோரியத்தோடு லாந்தனம், சீரியம், நியோடிமியம். குமரிமுனையில் பொட்டலம் கட்டி விற்கிற வண்ண மணலில் சிவப்பாக இருப்பது கார்நெட். லித்தியம் மட்டும் இல்லை. முக்கடலையும் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, கடல் நீரில் இருக்காதா என்றால், இருக்கிறது: லிட்டருக்கு 0.17 மில்லிகிராம். ஒரு கிலோ வேண்டுமானால் ஏறத்தாழ 60 லட்சம் லிட்டர் கடல் நீரைச் சலிக்க வேண்டும். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இனி பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழி போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் நோபல் கிடைத்தது. இரண்டு பக்கமும் இரண்டு மின்முனைகள், நடுவில் ஒரு திரவம். லித்தியம் அயனி, அதாவது மின்னேற்றம் பெற்ற லித்தியம் அணு, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போய் வந்துகொண்டே இருக்கும். மின்முனை ஒரே கட்டி இல்லை, பொடித் துகள்களால் ஆனது. ஒவ்வொரு துகளின் உள்ளே வரைக்கும் அயனி போய்ச் சேர வேண்டும். அதற்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். துகளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் நேரம் நூறில் ஒன்றாகிவிடும். முழு அரிசி ஊறும் நேரத்தையும் நொய் ஊறும் நேரத்தையும் தாய்மார்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். நானோவின் முதல் நியாயம் இவ்வளவுதான்.

இரண்டாவது நியாயம், உடையாமல் இருப்பது. இப்போது எதிர்மின்முனையில் இருக்கும் கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லியாம்பியர்-மணி (செல்போன் பேட்டரியில் mAh என்று போட்டிருக்குமே, அந்த அளவு) கொள்ளும். சிலிக்கான் அதைப்போல் ஒன்பது பத்து மடங்கு கொள்ளும். ஆனால் லித்தியத்தை விழுங்கினால் மூன்று நான்கு மடங்கு பருத்துவிடும். சுருங்கும்போது வெடித்து நொறுங்கும். சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருக்கும் சிலிக்கான் துகள் வெடிப்பதில்லை என்பதை 2012-இல் மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்தே பார்த்தார்கள். 1997-இல் குட்இனஃப் குழு நேர்மின்முனைக்குக் கண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கும் சின்னதாவதுதான் கைகொடுத்தது. மலிவானது, தீப்பிடிக்கத் தயங்குவது, ஆனால் மின்சாரம் சரியாகக் கடத்தாது. துகளைச் சின்னதாக்கி மேலே கார்பன் பூசியபின் பிழைத்துக்கொண்டது.

இதைக் கேட்டதும் எல்லாவற்றையும் பொடியாக்கிவிடலாம் என்று தோன்றும். தோன்றக் கூடாது. துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு பெருகும். அந்தப் பரப்பு முழுக்கத் திரவம் வினைபுரிந்து ஒரு தோல் படியும். அந்தத் தோலுக்குள் போன லித்தியம் திரும்பி வராது. போதாததற்கு நானோ பொடி நெருக்கமாக அமராது, அதே டப்பாவில் குறைவாகத்தான் பிடிக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வழக்கம் உண்டு: தகட்டின் மேல் மிக மெல்லிசாகப் பூசி, ஐம்பது சுழற்சி (சார்ஜ் ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி) ஓட்டி, கிராமுக்கு இத்தனை என்று பெரிய எண்ணைத் தலைப்பில் போடுவார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பூசினீர்கள் என்று கேளுங்கள். பல கட்டுரைகளில் பதில் இருக்காது.

இப்போது நடுப்படலத்துக்கு வருகிறேன். நடுவில் இருக்கும் திரவம் எரியக்கூடியது. ஸ்கூட்டர் தீப்பிடித்த வீடியோக்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். திரவத்துக்குப் பதில் திடப்பொருள் ஒன்று அயனியைத் தன் வழியே போக விட்டால் போதும் என்று நெடுங்காலமாகத் தேடினார்கள். 2007-இல் ஜெர்மனியின் கீல் நகரத்து வெர்னர் வெப்னர் குழுவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அதில் வெப்னரோடு இருந்த மற்ற இரண்டு பெயர்கள் ராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை. முருகன் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர்கள் கண்டது லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் சேர்ந்த ஓர் ஆக்சைடு. அதன் படிக அமைப்பு கார்நெட் வகை. கணக்குப் பாருங்கள் மக்களே: லாந்தனம் மோனசைட்டில், சிர்கோனியம் சிர்க்கானில், அணுக்கள் அடுக்கப்பட்ட முறை அந்தச் சிவப்பு மணலின் முறை. லித்தியத்தைத் தவிர எல்லாம் மணவாளக்குறிச்சிக்கு உறவு.

அந்தப் பொருள் இரண்டு வடிவத்தில் வரும். ஒன்றில் அயனி நன்றாக ஓடும், இன்னொன்றில் அதில் நூறில் ஒரு பங்கு கூட ஓடாது. நல்ல வடிவம் ஏன் சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை என்று குழம்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, காரணம் மூசை, அதாவது பொடியை வைத்துச் சுடும் கிண்ணம்! 1,200 டிகிரிக்கு மேல் சுடும்போது அலுமினா மூசையிலிருந்து துளி அலுமினியம் உள்ளே கரைந்து போய் நல்ல வடிவத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. யாரும் போடாத பொருள். பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் 1 பங்கு சீரியம் செய்த வேலையை இங்கே அலுமினியம் செய்தது.

ஆனால் வில்லையாகச் சுட்டால் போதாது. இதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 5 மடங்கு. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் வைத்தால் பேட்டரியின் எடை முழுவதும் நடுவிலேயே போய்விடும். இன்றைய பேட்டரியில் இரண்டு முனைகளைப் பிரிக்கும் தாள் 20 மைக்ரான் அளவுதான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த மெலிவுக்கு, ஓட்டையில்லாமல், விரிசலில்லாமல் பீங்கானைக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் துகள்களுக்கு நடுவே உள்ள எல்லை வழியாக லித்தியம் ஊசிபோல் வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டுவிடும். இங்கேதான் மெல்லிய படல ஆராய்ச்சியும் பேட்டரி ஆராய்ச்சியும் ஒன்றாகிவிடுகின்றன. நம் கல்லூரிகளில் கண்ணாடித் தகட்டைச் சூடாக்கி மேலே கரைசலைத் தெளித்து துத்தநாக ஆக்சைடு படலம் எடுக்கிறார்களே, அந்தக் கைப்பழக்கம் இதற்கும் அடிப்படை. ஒரு தொல்லை, இந்தப் பீங்கான் ஈரக்காற்றில் கெட்டுப்போகும். மேலே லித்தியம் கார்பனேட் படிந்துவிடும். குளச்சல் காற்றில் திறந்து வைத்தால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்று என்றதும் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் நினைவுக்கு வரும். ஆடிக் காற்றைச் சேமித்து மார்கழியில் எடுக்கலாமா என்று ஒரு பெரியவர் வரும்போதே கேட்டார். ஐயா, அது பேட்டரியின் வேலை இல்லை. மத்தியானத்து மின்சாரத்தை ராத்திரிக்குக் கொடுக்கும், அவ்வளவுதான்.

மணலைப் பற்றிப் பேசிவிட்டு அள்ளுவதைப் பற்றிப் பேசாமல் போனால் கடற்கரை ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது, கரை அரிப்பும் இருக்கிறது. அவர்கள் பயத்தை அறியாமை என்று தள்ளுவது அறிவியல் ஆகாது. நான் கேட்பது கூடுதல் மணல் இல்லை. ஏற்கெனவே பிரித்தெடுத்ததில் பெரும்பங்கு வெள்ளைப் பெயிண்டுக்குப் போகிறதே, அதிலிருந்து ஒரு கைப்பிடி.

அந்தக் கைப்பிடியில் என்ன செய்வது? கார்நெட் வகைக்கு 1,200 டிகிரி உலை வேண்டும், ஈரமில்லாத பெட்டி வேண்டும். எல்லாக் கல்லூரியிலும் அது கிடையாது. இன்னொரு பொருள் உண்டு, லித்தியம் டைட்டனேட்: லித்தியத்தோடு டைட்டானியம் ஆக்சைடு சேர்ந்தது, நடுப்படலத்துக்கு அல்ல, கிராஃபைட்டுக்குப் பதிலாக எதிர்மின்முனையில் வைப்பது. அதற்கு 800, 850 டிகிரி போதும். கொள்ளளவு கிராமுக்கு 175 மில்லியாம்பியர்-மணிதான், பேட்டரியின் மின்னழுத்தமும் குறையும். ஆனால் லித்தியம் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அளவு மாறாது, ஆயிரக்கணக்கான சுழற்சி தாங்கும், நானோ ஆக்கினாலும் அந்தத் தோல் தொல்லை குறைவு. பெரும்பாலோர் மிகத் தூய டைட்டானியம் ஆக்சைடை புட்டியில் வாங்கிச் செய்கிறார்கள். நம் இல்மனைட்டிலிருந்து எடுத்துச் செய்தால் என்னாகும்? கூடவே ஒட்டி வரும் இரும்பு எவ்வளவு வரைக்கும் பொறுக்கலாம்? டைட்டானியக் கனிமங்களில் நையோபியம் சிறிதளவு ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. டைட்டனேட்டில் அது மின்கடத்தலைக் கூட்டும். அப்படியானால் எதைக் கழுவ வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும்? முதுநிலை மாணவர் ஒருவருக்கு இரண்டு ஆண்டு வேலை இது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் லித்தியம் பேட்டரியில் நெடுநாளாக வேலை செய்கிறது. சந்தேகம் கேட்க வேறு மாநிலம் போக வேண்டாம்.

பூசிய எடையை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். இனி கேள்விகளுக்கு வரலாம். கடைசி வரிசையில் இருந்து தொடங்குவோமா?